புட்டியும் முட்டியும்

என் பழைய மாணவர் ஒருவர் கப்பலிலே தொழில் செய்பவர். சென்ற விடுமுறையில் சிலி நாட்டுச் செந்நிற வைன் புட்டியொன்றைக் கொணர்ந்து காட்டினார். நான் மது அருந்துவதில்லை. ஆயினும் எழுத்தென்று எது கண்ணிற் பட்டாலும் வாசிக்காமல் விடுவதுமில்லை. புட்டியில் ஒட்டிய சீட்டிலே கசபிளாங்கா என்னும் பள்ளத்தாக்கின் பெயரும், அதன் கீழே ஒரேயொரு தோட்டத்தின் பெயரும் இருந்தன. பழம் முழுவதும் அந்த ஒரு தோட்டத்திலேயே பறித்ததாம். புத்தளக் கரையில் தென்னைகளின் நடுவே வாழும் எனக்கு அது பல எண்ணங்களை எழுப்பிற்று.

சிலியின் கரையோரமாக ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டம் செல்கின்றது. காலையில் மூடுபனி பள்ளத்தாக்கினுட் புகும். பிற்பகலில் குளிர்ந்த கடற்காற்று வீசும். ஆகவே முந்திரிகை மெல்ல மெல்லப் பழுக்கின்றது. வெப்பத்தில் விரைந்து பழுப்பதில் இனிப்பு ஏறும்போதே புளிப்பு இறங்கிவிடும். குளிர்ந்த கரையிலோ புளிப்பும் மணமும் தங்கும். பினோ நுவார் போன்ற மெல்லிய தோலுடைய கருமுந்திரிகைக்கு அது உகந்த இடம். செந்நிறம் சாற்றில் இல்லை, தோலிலே உள்ளது. எனவே தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகின்றனர்.

எங்கள் கரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் உள்ளது. கொடி உறங்குவதற்கு இங்கே குளிர்காலம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கொடியைக் கவ்வாத்துச் செய்து பழம் பெறுகிறார்கள். தோலகட்டி ஆசிரமத்து முந்திரிகை இரசத்தை அறியாதார் அங்கே குறைவு. புத்தளத்திலோ மதுவென்றால் தென்னங்கள்ளே. குருநாகல், கம்பகா ஆகியவற்றோடு எங்கள் மாவட்டமும் சேர்ந்ததே தென்னை முக்கோணம். தென்னை ஆராய்ச்சி நிலையமும் எங்கள் லுணுவிலையிலேதான் இருக்கின்றது.

விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி முட்டியைக் கட்டுவர். சொட்டும் நீரில் நூற்றுக்கு 15 பங்கு அளவிற் சர்க்கரை உண்டு. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மாலையிற் கடுக்கும். நாள் செல்லச் செல்லக் காடியாகும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீர் கிடைக்கும். முந்திரிகைத் தோட்டக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை அறுத்து, இரசத்தை ஆண்டுக்கணக்கிற் காத்து வைக்கலாம். கள்ளிறக்குபவருக்கோ ஒவ்வொரு நாளும் அறுவடை. காத்து வைக்க ஒரு நாளுமில்லை. ஆகையால் பல தோட்டத்துக் கள்ளும் ஒரே பீப்பாயில் ஊற்றப்பட்டு வடிசாலைக்குப் போகின்றது. அங்கே சாராயமாக வடிக்கப்பட்டு, சிங்களத்தில் ஹல்மில்ல என வழங்கும் மரத்தாலான பீப்பாய்களில் முதிர்கின்றது. எந்தத் தோட்டத்துக் கள் என்று அப்போது யார் கேட்கப் போகிறார்?

கேட்டால் சொல்லக்கூடிய ஒருவரை நான் அறிவேன். அவர் என் மாணவன் ஒருவனின் தந்தை, மாரவிலைப் பக்கத்தவர். மரத்துக்கு மரம் இரண்டு கயிறு கட்டியிருப்பார்கள். கீழ்க்கயிற்றிற் கால், மேற்கயிற்றிற் கை. தரையிறங்காமலே தோப்பின் ஒரு பக்கத்தைச் சீவி முடிப்பார். மணற்றரைக் கள் எது, நீரோரத்துக் கள் எது என்பதை நாவில் ஒரு துளி வைத்தே சொல்லிவிடுவார்.

ஒரு மழைநாளில் கயிறு அறுந்து விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. பார்க்கச் சென்றேன். “கயிறு நைந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று நான் முன்பே கேட்டேன் ஐயா, அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்கள்” என்றார். வேறு குறை எதுவும் சொல்லவில்லை. மகனை மரமேற்றுவதில்லை என்று மட்டும் உறுதியாகச் சொன்னார்.

மகன் இப்பொழுது கட்டார் நாட்டில் மின்சார வேலை செய்கிறான். அந்தத் தோப்பிற் சீவ வேறு ஆள் கிடைக்காமையால் மரங்களைத் தேங்காய்க்கே விட்டுவிட்டார்கள். கயிறுகளையும் அவிழ்த்தாயிற்று.