குளிர்காலத்தில் தாகம் எடுக்காத செடி

செடி வாடினால் என்ன செய்வோம்? ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவோம். ஆனால் குளிர்காலத்தில் அப்படித் தாராளமாக ஊற்றினால், பூக்காமல் ஏமாற்றிவிடும் செடி ஒன்று இருக்கிறது. டென்ட்ரோபியம் நோபைல் என்ற ஆர்க்கிட்தான் அது. சிக்கிம் மாநிலத்தின் மலர்!

இமயமலைச் சரிவுக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு இது வளர்கிறது. மரத்தின் சாற்றை உறிஞ்சாது. அதனால் இது ஒட்டுண்ணி அல்ல, தொற்றுத் தாவரம். வேர் மண்ணுக்குள் போகாமல் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் தண்ணீர்?

மழை பெய்யும்போதே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்! அதற்காகவே வேரைச் சுற்றி 'வெலாமன்' என்ற உறை உண்டு. உயிரற்ற வெற்றுச் செல்களால் ஆன இந்த உறை, பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சும். காய்ந்திருக்கும்போது செல்களுக்குள் காற்று இருப்பதால் வேர் வெள்ளி நிறத்தில் தெரியும். நனைந்தால் உறை கண்ணாடித்தன்மை பெற்று, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும். எங்காவது ஆர்க்கிட் செடியைப் பார்த்தால் அதன் வேரில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வெள்ளி வேர் உங்கள் கண்முன்னே பச்சையாக மாறும்!

மழைக்காலத்தில் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். புதுத் தண்டுகள் கிடுகிடுவென வளர்ந்து, தண்ணீரையும் உணவையும் சேமித்துப் பருத்துவிடும். மழை ஓய்ந்து குளிர் வந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். இலைகள் மஞ்சளாகி உதிரும். தண்டு லேசாகச் சுருங்கும். பார்த்தால் செடி செத்துவிட்டது போல இருக்கும். உண்மையில் அது ஓய்வெடுக்கிறது. இரவுப் பனித்துளியின் ஈரமும் தண்டில் உள்ள சேமிப்பும் அதற்குப் போதும். குளிரும் வறட்சியும் பூ மொட்டு உருவாகத் தூண்டுகின்றன. வசந்தம் வந்ததும் இலையில்லாத தண்டின் கணுக்களில் வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கள் கொத்துக்கொத்தாக மலரும்.

இந்த ஓய்வு நேரத்தில் தொட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இரண்டு தொல்லைகள் வரும். முதலாவது, பூ வரவேண்டிய கணுக்களில் குட்டிச் செடிகள் முளைத்துவிடும். இரண்டாவது, வளராத செடி தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். குளிரில் ஈரம் சீக்கிரம் காயவும் காயாது. எந்நேரமும் நனைந்து கிடக்கும் வேருக்குக் காற்று கிடைக்காது. பூஞ்சை புகுந்து வேர் அழுகிவிடும்.

அதனால், தண்டின் நுனியில் கடைசி இலை விரிந்து வளர்ச்சி நின்றதும் தண்ணீரைக் குறைக்க வேண்டும். உரத்தையும் நிறுத்திவிட வேண்டும். நல்ல வெளிச்சம் மட்டும் குறையக் கூடாது. தண்டு அளவுக்கு மீறிச் சுருங்கினால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். கணுக்களில் மொட்டுகள் உருண்டு திரண்டபின் மெல்ல மெல்ல வழக்கமான அளவுக்குத் திரும்பலாம்.

ஒரு எச்சரிக்கை! எல்லா ஆர்க்கிட்டுக்கும் இந்த விரதம் ஒத்துவராது. பூக்கடைகளில் அதிகம் விற்கும் ஃபாலினாப்சிஸ் ஆர்க்கிட்டுக்குத் தண்ணீரைச் சேமிக்கும் பருத்த தண்டு கிடையாது. அதை நீண்ட நாள் காயவிட்டால் வாடிப்போகும். ஆகவே ஆர்க்கிட் வாங்கும்போது அதன் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றலாம் என்பதை அந்தப் பெயரை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.