சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள், விற்றால் விடாதீர்கள்

"ரெண்டு நாளா காய்ச்சல், தொண்டை வலி. ஆன்டிபயாடிக் ஒரு மூணு நாளைக்குக் குடுங்கண்ணே." மழைக்காலம் தொடங்கிவிட்டால் தேனாம்பேட்டைப் பக்கத்து மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. டாக்டர் சீட்டு எங்கே என்று பல கடைகளில் கேட்பதே இல்லை. அட்டையிலிருந்து மூன்று மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பில்லும் கிடையாது.

சளி, ஃப்ளூ, டெங்கு எல்லாமே வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவர், ரைபோசோம் போன்ற உறுப்புகளைத் தாக்குபவை. வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து, நம் ரைபோசோமைக் கொண்டே அது பெருகுகிறது. அந்த மூன்று மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கினால், அது மாத்திரை இல்லாமலும் இறங்கியிருக்கும்.

கெடுதல் நடப்பது குடலில். அங்கே வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் பிரிந்து பெருகும்போது, டிஎன்ஏவை நகலெடுப்பதில் அங்கங்கே பிழை விழும். ஏதோ ஒரு பிழை, ஒரு பாக்டீரியாவுக்கு மருந்தைத் தாங்கும் சக்தியைத் தற்செயலாகத் தந்துவிடுகிறது. மாத்திரை விழுந்ததும் மற்றவை சாகின்றன; அது மட்டும் பிழைத்துப் பெருகுகிறது. "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்கிறோமே, அது தவறு. உடம்பு மாறவில்லை, கிருமிக்கூட்டம் மாறிவிட்டது. இதுதான் இயற்கைத் தேர்வு. பரிணாமத்துக்கு லட்சம் ஆண்டுகள் தேவையில்லை. பாக்டீரியாவுக்குச் சில நாட்களே போதும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிர்ப்பு மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கின்றன. அந்த வளையம் ஒரு பாக்டீரியா இனத்திலிருந்து வேறோர் இனத்துக்கே தாவும். சென்னைக்கு இது புதிதல்ல. கார்பபெனெம் என்ற கடைசிக்கட்ட மருந்துகளையும் முறிக்கும் என்.டி.எம்.-1 மரபணு பற்றி 2010இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் பிரித்தெடுத்த 44 பாக்டீரியா மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. 2012இல் மருத்துவ அமைப்புகள் இங்கே கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. கடைகளில் சீட்டில்லா விற்பனை இன்னும் நின்றபாடில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஆன்டிபயாடிக்குகள் ஷெட்யூல் எச் அல்லது எச்1 பட்டியலில் வருபவை. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் சில்லறையில் விற்கக்கூடாது. எச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதிலுள்ள மருந்தை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையின் பின்புறம் பாருங்கள்: சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் அதைத் தொடாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழையுங்கள். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள்தான் சரியாகப் பலன் தரும். ஆன்டிபயாடிக்கை நம்பி அந்த நாட்களை வீணாக்காதீர்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடவே கூடாது. விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், அசதியில் கண் சொருகுதல் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சீட்டில்லாமல் விற்கும் கடையைப் பற்றிப் புகார் தருவது எப்படி? பில் கேட்டு வாங்குங்கள். கடையின் பெயர், முகவரி, உரிம எண், தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றை மனுவில் குறிப்பிடுங்கள். பில் நகலையும் அட்டையின் படத்தையும் இணையுங்கள்; அசல் உங்களிடமே இருக்கட்டும். மனுவை "இயக்குநர், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, டி.எம்.எஸ். வளாகம், 359, அண்ணா சாலை, தேனாம்பேட்டை, சென்னை - 600 006" என்ற முகவரிக்கு டெலிவரிச் சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஏ.ஜி.–டி.எம்.எஸ். மெட்ரோவில் இறங்கி நேரிலும் தரலாம். நேரில் தந்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். முத்திரை இல்லாத மனுவை 'வரவே இல்லை' என்று சொல்லிவிடுவது எளிது.

பதில் வராவிட்டால் அதே அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள்: என் மனு மீது என்ன நடவடிக்கை, ஆய்வாளர் எந்தத் தேதியில் கடையைச் சோதித்தார்? 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பொதுமக்களின் புகாருக்காகக் காத்திருக்காமல் ஆய்வாளர்களே கடைகளின் எச்1 பதிவேட்டைப் புரட்ட வேண்டும். அது அவர்கள் வேலை. கேரளம் 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது, நம்மாலும் முடியும்.

மறுபடியும் சொல்கிறேன். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி வாங்காதீர்கள். மருத்துவர் எழுதித் தந்தால் அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். காசநோய் மருந்தை நடுவில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். சிசேரியன், மூட்டு மாற்று, புற்றுநோய் சிகிச்சை எல்லாம் ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன. அந்த நம்பிக்கையைக் காக்க வேண்டிய பொறுப்பு மருந்தை விற்பவருக்கும் உண்டு, வாங்கும் நமக்கும் உண்டு.