உயிர் பிழைத்த பின்பு



1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்கள் வேலூர் சி.எம்.சி.யில் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார்கள். தலைக்காயத்தில் மரித்திருக்கக்கூடிய பலர் இன்று பிழைக்கிறார்கள். பிழைத்தவர் எவ்வளவு தேறினார் என்று எப்படி அளப்பது?

1975-இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் ஜென்னட்டும் பாண்டும் மரணம் முதல் நல்ல குணம் வரை ஐந்து படிகளை வகுத்தார்கள்; பின்பு அவை எட்டாயின. இதற்கு ஸ்கேன் வேண்டாம், கேள்விகளே போதும். பகலில் எட்டு மணி நேரம் வீட்டில் தனியே இருப்பாரா? பஸ் ஏறித் திருத்தணி கடைவீதிக்குப் போய், சாமான் வாங்கி, சில்லறையை எண்ணிப் பார்த்துத் திரும்புவாரா? முடியாதென்றால், நடையும் பேச்சும் நன்றாயிருந்தாலும் அது கடுமையான ஊனமே. (விபத்துக்கு முன்பே தனியாகப் போகாதவரானால் கணக்கில் சேராது.)

வேலை, நட்பு, புதிதாய் வந்த கோபம் இவையும் கேட்கப்படும். "எனக்கு ஒன்றுமில்லை" என்பார் நோயாளி. மனைவியையோ தாயையோ உடன் வைத்துக் கேட்பதே நல்லது. கோபத்தைப் பற்றி அவர்கள்தான் சொல்வார்கள்.