வளரும் பிள்ளைகளின் மனத்துயர்: பெற்றோர் அறிய வேண்டியவை

தோட்டங்களில் இது காதோடு காதாகப் பேசப்படும் விஷயம். ஒரு வீட்டுப் பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால், "வயித்து வலியாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். போலீசுக்கும் பயம், ஊர்ப் பேச்சுக்கும் பயம். முதல் பயத்துக்கு இனி இடமில்லை. தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் வைக்க இடங்கொடுத்த 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லலாம். சொன்னால்தான் சரியான வைத்தியம் கிடைக்கும்.

2022-இல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களிடம் எடுத்த கணக்கில், எட்டுப் பேரில் ஒருவருக்குச் சாகலாம் என்ற எண்ணம் வந்து போயிருக்கிறது. பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

காரணம் ஒன்றாக இருப்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் கால் வைத்ததும் பெரும்பாலும் மலாயில் பாடம் கேட்க வேண்டும். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். வகுப்பில் கேலி. வீட்டுக்கு வந்தால் அப்பா சம்சு போட்டுவிட்டுச் சத்தம் போடுகிறார், அம்மா கடன்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காதல் முறிவு, எஸ்.பி.எம். முடிவு, கைத்தொலைபேசியில் நாலு பேர் சேர்ந்து செய்கிற கேலி என்று ஒவ்வொன்றாக மேலே ஏறுகிறது. கடைசியில் நடந்த சின்னச் சண்டை மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. "ஒரு அறை விட்டதுக்கா இப்படி?" என்று பிறகு கேட்கிறோம். அந்த அறைக்கு முன்னால் பிள்ளை எத்தனையைச் சுமந்திருந்தது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பத்து காவானில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கரும்பும், பிறகு ரப்பரும் செம்பனையும் இருந்த மண் இது. 2014-இல் இரண்டாவது பினாங்குப் பாலம் திறந்த பின், தொழிற்பேட்டையும் அடுக்குமாடியும் பேரங்காடியுமாக வேகமாக மாறிவிட்டது. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் யார் அழுதாலும் கேட்கும். அது தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் "ஏன்டி அழுவுற?" என்று கேட்க ஓர் அத்தையோ பாட்டியோ அங்கே இருந்தார்கள். இன்று அம்மாவும் அப்பாவும் ஷிப்டுக்குப் போய்விட்டால், கதவு சாத்திய வீட்டில் பிள்ளை தனியாக இருக்கிறது.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். சாக வேண்டும் என்ற வேகம் பல பிள்ளைகளுக்குச் சில நிமிடமோ சில மணி நேரமோதான் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லாவிட்டால், பெரும்பாலோர் தப்பிப் பிழைத்து நெடுநாள் வாழ்கிறார்கள்.

இதற்கு இலங்கையே சாட்சி. 1995-இல் அங்கே ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அரசாங்கம் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 2005-க்குள் அந்தக் கணக்கு பாதியாகிவிட்டது. போரும் வறுமையும் குடியும் அங்கே தீர்ந்துவிடவில்லை. மருந்து எட்டவில்லை, உயிர் நின்றது. நம் நாட்டிலும் பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, ஒருவழியாக 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. தெளிப்பு வேலை செய்த நம் பெண்களின் கண்ணும் தோலும் பட்ட பாட்டுக்கு அது ரொம்பத் தாமதம்.

தடை வந்தாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. மருந்து ஸ்டோரில்தான் இருக்க வேண்டும், ஸ்டோர் பூட்டியிருக்க வேண்டும். "காய்கறிப் பாத்திக்கு" என்று குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தாத்தாவின் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். ஸ்டோருக்குப் பூட்டு இல்லையென்றால் தண்டலிடம் சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால் சங்கக் கிளையிடம் சொல்லுங்கள்.

பிள்ளையிடம் என்ன மாற்றம் தெரியும்? தூக்கம் கெடும், சாப்பாடு இறங்காது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்கும். ஆசையாக வைத்திருந்த சாமானை யாருக்காவது கொடுத்துவிடும். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொல்லும். சில பிள்ளைகள் கையைக் காயப்படுத்திக்கொண்டு நீளக் கைச்சட்டையில் மறைப்பார்கள். "சும்மா நடிக்குது" என்று தள்ளாதீர்கள். நடிப்பாகவே இருந்தாலும், அப்படி நடிக்கும் அளவுக்கு என்ன கஷ்டம் என்று கேட்க வேண்டாமா?

நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு. "தம்பி, உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுதாய்யா? எங்கிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்" என்றால் போதும். ஆமாம் என்று சொன்னால் அடிக்காதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், சாமியாடியிடம் இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கோயிலுக்குப் போவதில் குற்றமில்லை, ஆனால் கிளினிக்குக்கு முதலில் போங்கள். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாமல், பக்கத்தில் பாய் போட்டுப் படுங்கள். மறுநாள் அரசாங்க கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போங்கள். மனச்சோர்வு வைத்தியத்தால் குறையும் நோய். பள்ளியில் ஆலோசக ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

எதையாவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், பிள்ளை நன்றாக நடமாடினாலும் காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துப் போனால், என்ன மருந்து என்று டாக்டர் உடனே தெரிந்துகொள்வார்.

நேரில் பேசக் கூச்சமா? பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தின் 03-76272929 எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. எடுத்ததும் தமிழில் பேச ஆள் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். பெற்றோரும் அழைக்கலாம்.