அரை மாத்திரை அமைதி: இல்லத்தில் ஓர் ஒலிப்பதிவு அறை

எழுத்துகள் பிறக்கும் முறையைக் கூற வந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலிகளாகப் பிறப்பதைப் பிறப்பியலில் விளக்குகிறார். வாயை விட்டு வெளியேறிய பின் அவ்வொலிக்கு என்ன நேர்கிறது என்பது இலக்கண நூலாரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. திண்ணையிலும் மரநிழலிலும் பாடம் சொன்ன காலத்தில் அவ்வினா எழ வேண்டிய தேவையும் இருந்திருக்காது. இன்றோ நான்கு சுவர்களுக்கு நடுவே, ஓர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தமிழைப் பேசிப் பதிவுசெய்கிறோம். சுவர்களும் நம்மோடு சேர்ந்து பேசுகின்றன. அவற்றைப் பேசாதிருக்கச் செய்யும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

குரற்பதிவு ஒரு காலத்தில் வானொலி நிலையத்தார்க்கும் திரைப்படக் கூடத்தார்க்குமே உரிய தொழிலாக இருந்தது. அகில இந்திய வானொலி 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் நிலையம் தொடங்கிய நாள்களில், இல்லத்திலிருந்து குரல் கொடுத்துப் பொருள் ஈட்டலாம் என எவரேனும் கூறியிருந்தால் நகைத்திருப்பர். இன்று ஒலிநூல், விளம்பரம், ஆவணப்படம், இணையவழிப் பாடம் ஆகியவற்றுக்குக் குரல் கொடுப்போருட் பலர் தம் வீட்டிலேயே பதிவுசெய்து அனுப்புகின்றனர். தமிழ் பயின்று வெளியேறும் மாணவர்க்கும், திருமணத்திற்குப் பின் வெளியூர் சென்று பணியாற்ற இயலாத மாணவியர்க்கும், நல்ல உச்சரிப்பையே முதலாகக் கொண்ட ஒரு தொழில் வாய்த்துள்ளது.

இதனினும் இன்றியமையாத பயன் ஒன்று உண்டு. பார்வை மாற்றுத்திறனாளிகளான நம் மாணவர்கள் பாடநூலைப் பிறர் படிக்கக் கேட்டே தேர்வெழுதுகின்றனர். 2012-இல் திருத்தப்பெற்ற இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், அவர்கள் பொருட்டு ஒரு நூலை ஒலிவடிவில் ஆக்கித் தருவதற்கு இசைவளிக்கிறது. இதே நோக்கில் 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் முதன்முதலாக ஒப்புறுதி அளித்த நாடும் இந்தியாவே. ஆதலின், விருப்பமுடைய எவரும் இம்மாணவர்க்கு ஒரு நூலைப் படித்துப் பதிந்து தரலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இம்மாணவருட் பலர் ஒலிப்பதிவை இயல்பான வேகத்தில் கேட்பதில்லை. முந்நூறு பக்க நூலைத் தேர்வுக்கு முன் முடிக்க வேண்டியவர், ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டே கேட்கிறார். சாதாரண வேகத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க அறை முழக்கம், அவ்வேகத்தில் சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது.

இதன் காரணம் தமிழின் ஒலியமைப்பிலேயே உள்ளது. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்பது நாம் அறிந்ததே. பாடு, பாட்டு என்னும் இரு சொற்களை ஒலித்துப் பாருங்கள். பின்னதில் நா அண்ணத்தை ஒற்றி நிற்கும் கணத்தில் வாயிலிருந்து எவ்வொலியும் எழுவதில்லை. ஒரு நொடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மிகுதியோ நீளும் அவ்வமைதிதான் வல்லின இரட்டிப்பின் உயிர்நாடி. விடு-விட்டு, காது-காத்து எனப் பலவற்றிலும் இதனைக் காணலாம். முந்தைய நெடிலின் எதிரொலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவ்வமைதியை நிரப்பிவிடுமாயின், ஒற்று இருந்த இடமே செவிக்குப் புலப்படாமல் மங்குகிறது. ஒலிக்கும் எழுத்தைச் செம்மையாக உச்சரிக்க நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஒலிக்காத அந்த அரை மாத்திரையைக் காக்கும் பொறுப்பு அறையைச் சார்ந்தது.

சேபைன் என்பாரின் மெத்தைகள்

வெற்று அறையில் ஒலி எவ்வளவு நேரம் நிலைத்து நிற்கும் என்பதை முதன்முதலில் முறையாக அளந்தவர் வாலஸ் கிளமென்ட் சேபைன் என்னும் இயற்பியல் ஆசிரியர். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை மண்டபம் திறக்கப்பெற்றபோது, அதில் பேசுவோர் சொல்வது எவர்க்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரை நொடி அங்கே சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் பேச்சாளர் பத்துச் சொற்களுக்கு மேல் சொல்லி முடித்திருப்பார். குறையைக் களையும் பணி இளைஞரான சேபைனிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவுகளில், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து மண்டபத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, ஒலி தேயும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறைந்தது. அறையின் கன அளவு மிகுந்தால் முழக்கம் நீளும், ஒலியை உட்கவரும் பரப்பு மிகுந்தால் முழக்கம் சுருங்கும் என்னும் எளிய விதி அதிலிருந்தே பிறந்தது. 1900-இல் திறக்கப்பெற்ற பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவ்விதியைத் துணைக்கொண்டு எழுந்தது.

அவ்விதியை நம் வீட்டு அறை ஒன்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள அறையின் மொத்த உட்பரப்பு 600 சதுர அடி. சிமெண்டுப் பூச்சும் தரை ஓடும் கான்கிரீட் கூரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கையே உட்கவர்வன. கணக்கிட்டால் இவ்வெற்றறையின் முழக்கம் இரண்டு நொடிக்கு மேல் வருகிறது. குரற்பதிவுக்கு ஏற்றது 0.3 நொடி அல்லது அதற்கும் குறைவு. அதனை எய்த வேண்டுமாயின் ஒலியை முற்றிலும் விழுங்கும் பரப்பு ஏறத்தாழ 160 சதுர அடி தேவை. எப்பொருளும் முற்றிலும் விழுங்குவதில்லை ஆதலால், அறையின் மூன்றில் ஒரு பங்கையேனும் தடித்த பஞ்சாலோ துணியாலோ மூட வேண்டியிருக்கும்.

அறை முழுவதையும் மூடப் பொருள் இல்லாதவர் மனந்தளர வேண்டுவதில்லை. வாயையும் ஒலிவாங்கியையும் சுற்றியுள்ள சிறு வெளியை மட்டும் அடக்கினால் போதும். நம் வீடுகளில் உள்ள இலவம்பஞ்சு மெத்தைகள் இப்பணிக்கு மிகவும் ஏற்றவை. நான்கு அங்குலத் தடிப்புள்ள இரு மெத்தைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு மூலையில் கோணமாக நிறுத்தி, அவற்றுக்கு முதுகைக் காட்டி அமர வேண்டும். பலர் ஒலிவாங்கியின் பின்புறம் மட்டும் துணி கட்டி நிறுத்திவிடுகின்றனர். முன்பக்க ஒலியை மிகுதியாக ஏற்கும் ஒலிவாங்கி, பேசுபவரின் முகத்தை மட்டுமன்று, அவர் முதுகுக்குப் பின்னுள்ள சுவரையும் நோக்கிக்கொண்டிருக்கிறது. எனவே முதல் மெத்தை நமக்குப் பின்னே, எஞ்சியதே முன்னே. தலைக்கு மேலே கயிறு கட்டிக் கனத்த கம்பளியை மடித்துப் போடலாம். தரையில் சமக்காளம் இரண்டு மூன்றை அடுக்கலாம். ஒன்றை மட்டும் விரித்தால் பயன் சிறிதே.

ஈண்டு இரண்டு நம்பிக்கைகளைக் கைவிடுமாறு வேண்டுகிறோம். ஒன்று, முட்டை அட்டை. மற்றொன்று, தெர்மோகோல். முட்டை அட்டையின் மேடுபள்ளம் ஒலியைச் சிறிது சிதறடிக்கலாம். பேச்சொலியைப் போதிய அளவு உட்கவரும் தடிப்பு அதற்கு இல்லை. தெர்மோகோலின் நுண்ணறைகள் மூடியவை. காற்றுப் புக வழியின்மையால் ஒலியும் அங்கே கரைவதில்லை. இரண்டும் எளிதில் தீப்பற்றுவன என்பதையும் எண்ண வேண்டும்.

மெல்லிய திரைச்சீலைகளும் ஏமாற்றுவனவே. அவை சகர ஒலி போன்ற மிகை அதிர்வெண்களை மட்டும் உண்டுவிட்டு, ஆடவர் குரலின் அடிநாதத்தை அப்படியே விட்டுவிடும். பானைக்குள் தலையை விட்டுப் பேசியது போன்ற பதிவுகள் இவ்வாறே உண்டாகின்றன. 100 ஹெர்ட்ஸ் அதிர்வுடைய ஒலியலையின் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அத்துணைப் பெரிய அலையை அரை அங்குலத் துணி என்செய்யும்? மூன்று அளவும் ஒத்த சதுர அறையில் இவ்வடிநாதம் இன்னும் மிகுந்து முழங்கும். நீளமும் அகலமும் வேறுபட்ட அறை கிடைக்குமாயின் அதனையே தேர்க. எவ்வறையாயினும் நட்டநடுவில் அமர வேண்டா.

புறத்து ஓசையும் அகத்து ஓசையும்

இதுகாறும் கூறியவை அறைக்குள் நம் குரலே செய்யும் குழப்பத்தைப் பற்றியவை. வெளியோசையைத் தடுப்பது முற்றிலும் வேறு தொழில். அதற்குப் பஞ்சு உதவாது. எடையும் இடுக்கின்மையுமே உதவும். மேலைநாட்டு வழிகாட்டி நூல்கள் மரச்சட்ட வீடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் அளவுக்கு ஓசையைத் தடுக்க வல்லது. நம் குறையெல்லாம் சன்னலிலும் கதவிலும் கூரையை ஒட்டிய காற்றுப் பலகணியிலும்தான். ஒரு கதவின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு இருந்தால், அது தேக்கேயாயினும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க இயலாது. மூன்றடி அகலக் கதவின் கீழ் முக்கால் அங்குலம் இடைவெளி விட்டாலே ஏறத்தாழ அவ்வளவாகிவிடுகிறது. பழைய சைக்கிள் ட்யூபைக் கீறிக் கதவின் ஓரங்களில் ஒட்டியும், கீழ் இடுக்கில் மணல் நிரப்பிய துணிப்பையை இட்டும் இதனை அடைக்கலாம். செலவு மிகச் சிறிது.

இனி வீட்டுக்குள் எழும் ஓசை. மின்விசிறி முதற்பகை. பழைய குழல்விளக்கின் சோக், குளிர்பெட்டி, இன்வெர்ட்டர் ஆகியவை விடாது முரலும். இரும்புப் பீரோவும் பரண்மேல் அடுக்கிய பித்தளைப் பாத்திரமும் நம் குரலுக்கு உடனிசைத்து அதிரும். இவற்றை அகற்ற இயலாவிடில் துணியால் போர்த்தலாம். கண்ணாடி வளையலும் பட்டுச் சேலையும் பதிவு நேரத்தில் வேண்டா. வெற்று மேசைப்பலகை குரலைத் திருப்பியனுப்பும் ஆதலின் அதன்மேல் தடித்த துண்டை மடித்து விரிக்க வேண்டும்.

விசிறியை நிறுத்தி, சன்னலை அடைத்து, மெத்தைகளுக்கு நடுவே நம் ஊர்க் கோடையில் எவ்வாறு அமர்வது என்று கேட்பீர்கள். நியாயமான வினா. இருபது நிமிடம் படித்து, பத்து நிமிடம் விசிறியிட்டு இளைப்பாறுவதே நடைமுறைக்கு உகந்தது. நேரத்தையும் தேர்ந்துகொள்ளலாம். வைகறைப் பாங்கு ஒலித்து முடிந்த பின், பால்காரரும் பள்ளி வாகனங்களும் தெருவுக்கு வருமுன் கிடைக்கும் ஒரு மணிப் பொழுது, எந்தச் சுவரும் தர இயலாத அமைதியைத் தருகிறது. எழுந்தவுடன் குரல் சற்றுக் கனத்திருக்கும். வெந்நீர் அருந்திப் பத்து நிமிடம் உரக்கப் படித்தபின் தொடங்கினால் போதும்.

கருவியைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. வெற்றறையில் வைத்த விலையுயர்ந்த ஒலிவாங்கியைவிட, மெத்தைகளுக்கு நடுவே வைத்த எளிய ஒலிவாங்கி நல்ல பதிவைத் தரும் என்பது எம் துணிபு. கன்டென்சர் வகை நுட்பமானது. அடுத்த வீட்டுக் குக்கரின் சீழ்க்கையையும் நுட்பமாகவே பதிந்துவிடும். சந்தடி மிக்க தெருவில் வாழ்வோர்க்கு, நெருங்கிப் பேசத்தக்க டைனமிக் வகை நன்று. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும். அத்தொலைவு பாதியானால் குரல் 6 டெசிபல் உயர்கிறது. அறையின் முழக்கமோ உயர்வதில்லை. மிக நெருங்கினால் அடிக்குரல் பருத்துவிடும். ஒலிவாங்கியை நேர்முன்னே வைக்காது கடைவாய்ப் பக்கம் சற்றே ஒதுக்கி வைத்தால் பகரத்தின் காற்று அதன்மேல் மோதாது. தமிழ்ப் பகரத்தில் ஆங்கிலத்திற் போல மூச்சு வெடித்து வெளிப்படுவதில்லை என்பது நமக்கு இயற்கை தந்த சலுகை.

பதிவுசெய்ய 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளே போதுமானது. ஆடிபிள் நிறுவனத்தின் ஏசிஎக்ஸ் தளம் ஒலிநூல்களுக்கு விதித்துள்ள அளவுகளை நாமும் இலக்காகக் கொள்ளலாம்: பேசாத இடத்து ஓசை மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழ், குரலின் சராசரி மைனஸ் 23 முதல் மைனஸ் 18 வரை, உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமை. இரைச்சலைப் பின்னர் மென்பொருளால் நீக்கிக்கொள்ளலாம் என்று அறையைப் புறக்கணிப்போர் உளர். கறையைப் போக்கும் காரம் சாயத்தையும் போக்குவது போல, அந்நீக்கம் சகரத்தையும் சொல்லிறுதி மகரத்தையும் சேர்த்தே தேய்த்துவிடும். எதிர்முழக்கத்தையோ அது பெரும்பாலும் தொடுவதே இல்லை.

அறை அமைந்த பின் அதனைச் சோதிக்கும் முறை எளிது. முதலில் முப்பது நொடி பேசாதிருந்து பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்க வேண்டும். நாம் கவனியாத ஓசைகளெல்லாம் அப்போது வெளிப்படும். அடுத்துக் கையை ஒருமுறை தட்டிப் பதிவுசெய்து, அதன் வால் எவ்வளவு நீள்கிறது எனக் காண வேண்டும். பின்னர்ப் பாடு, பாட்டு, விடு, விட்டு, காது, காத்து, வாளை, வாழை, மனம், மணம், அரம், அறம் போன்ற சொற்களை முறை மாற்றிக் கலந்து ஐம்பது எழுதிப் படித்துப் பதிந்து, இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அப்பட்டியலைப் பாராத ஒருவரைக் கேட்டு எழுதச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டே படித்துப் பழகிய பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் அதற்கு இசைவாராயின் மிகவும் நன்று. அவர் பிழையாகக் கேட்ட சொற்களில் வல்லின இரட்டிப்பே மிகுந்திருந்தால் இன்னும் ஒரு மெத்தை வேண்டும். லகர, ளகர, ழகரமும் ரகர, றகரமும் மிகுந்திருந்தால் மெத்தையைக் குறைகூறாது, நம் நாவையே சற்றுப் பயிற்ற வேண்டியிருக்கும்.