வராதவரின் கணக்கு

ஜூலைச் சாரலில் குற்றாலம் மெயின் அருவியில் விழும் தண்ணீரை ஒருவர் அளந்து நோட்டில் எழுதுகிறார். அதன்பின் அவர் வரவில்லை. காலியாகக் கிடக்கும் மாதங்களிலெல்லாம் ஜூலை அளவையே எழுதி நிரப்பினால், ஏப்ரல் வெயிலிலும் அருவி ஆர்ப்பரித்துக் கொட்டும். தென்காசிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் மருந்து ஆய்வுகளில் பல ஆண்டுகள் இது மதிப்பான முறையாக இருந்தது. இன்னும் முழுசாக ஒழியவில்லை.

புது மருந்தைச் சோதிக்கும்போது, சேர்ந்தவர்கள் குறித்த நாட்களில் வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எல்லாரும் வருவதில்லை. கடையத்தில் பீடி சுற்றும் ஒரு பெண் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தால் அன்றைய கூலி போய்விடும். இன்னொருவருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாது. வேறொருவர், உடம்பு தேறிவிட்டதே, இனி எதற்கு என்று நின்றுவிடுவார். இவர்கள் கடைசியாக வந்த நாளின் அளவையே ஆய்வு முடியும்வரை இழுத்துக்கொண்டு போவதுதான் 'எல்ஓசிஎஃப்' (Last Observation Carried Forward). சேர்ந்த எவரையும் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த வழி அது. கணக்கும் சுலபம்.

விபரீதம் எங்கே வருகிறது? மறதி நோயை எடுத்துக்கொள்வோம். நாளாக நாளாக மோசமாகும் நோய் அது. ஞாபகத்துக்கு 30 மதிப்பெண். மாதிரிக்கு, எல்லாரும் 24-இல் தொடங்கி ஓராண்டில் 20-க்கு இறங்குகிறார்கள்; மருந்துக்கு எந்தப் பலனும் இல்லை. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் வாந்தி தாங்காமல் மூன்றாம் மாதமே, 23 மதிப்பெண்ணோடு விலகிவிடுகிறார்கள். அந்த 23-ஐ ஆண்டு இறுதிவரை இழுத்தால் மருந்துக் குழுவின் சராசரி 21.5. வெற்று மாத்திரை சாப்பிட்டு ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களுக்கு 20. வாந்தி வரவழைத்ததற்காக மருந்துக்குக் கிடைத்த பரிசு ஒன்றரை மதிப்பெண்!

தானாகவே தேறக்கூடிய மனச்சோர்வு போன்றவற்றில் இது தலைகீழாகி, நல்ல மருந்தையும் கெடுத்துக் காட்டலாம். போதாக்குறைக்கு, இட்டு நிரப்பிய எண்ணும் உண்மையில் அளந்த எண்ணைப் போலவே எண்ணப்படுவதால், முடிவில் இல்லாத உறுதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2010-இல் வெளியிட்ட அறிக்கை, தக்க நியாயம் காட்டாமல் இந்த முறையைக் கையாள வேண்டாம் என்றது. புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் வகுத்த மாற்று வழியில் விடுபட்ட இடத்தை ஒரே எண்ணால் அடைப்பதில்லை. பலமுறை வெவ்வேறாக நிரப்பி, அந்தத் தடுமாற்றத்தையும் விடையில் காட்டுவார்கள். நேர்மையான வழிதான். ஆனால் ஒருவர் ஏன் வரவில்லை என்பது கணினிக்குத் தெரியாது. அதை ஆள்தான் போய்க் கேட்க வேண்டும்.

சென்னை அதைச் செய்து காட்டியிருக்கிறது. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுபவர்களையும் சானடோரியத்தில் படுத்திருப்பவர்களையும் ஒப்பிட்டது. நெரிசலான ஏழைக் குடியிருப்புகளின் நோயாளிகள் அவர்கள். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-இல் வெளிவந்த முடிவு, வீட்டுச் சிகிச்சையே போதும் என்று உலகத்தை நம்பவைத்தது. அதோடு விடாமல், ஐந்தாண்டுகள்வரை நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள்.

மருந்து ஆய்வில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அது அவர் உரிமை. ஆனால் மாத்திரையை நிறுத்துவது வேறு, பரிசோதனைக்கு வருவதை நிறுத்துவது வேறு. உங்கள் வீட்டில் யாராவது அப்படி விலகினால், காரணத்தை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் கடைசிப் பரிசோதனைக்கு மட்டுமாவது போய்வரச் சொல்லுங்கள்.