எச்சிலோடு மல்லுக்கட்டு

சொத்தைப் பல் ராத்திரியில்தான் குடையும். மருந்துக்கடை மூடியிருக்கும்; அஞ்சறைப்பெட்டிதான் கதி. இரண்டு கிராம்பை நசுக்கிப் பல்லில் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். தைலம் இருந்தால் பஞ்சில் ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் மரத்துக் கிடக்கும். அதற்குள் வாயெல்லாம் காரம் பரவி, எச்சில் ஊறி, பஞ்சு நழுவி நாக்குக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும். துப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து. வாய்ப்புண்ணுக்கு மாசிக்காய் இழைத்துத் தடவினாலும் இதே பாடுதான்.

மருந்தைக் குறை சொல்ல முடியாது. கிராம்புத் தைலத்தில் பெரும்பங்கு யூஜெனால். பல் மருத்துவர்கள் தற்காலிகமாகக் குழி அடைக்க, துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்து நூறு வருஷத்துக்கு மேலாகப் பயன்படுத்தும் அதே சரக்கு. 2006-இல் குவைத்தில் 73 பேரின் ஈறில் ஊசி குத்திப் பார்த்தார்கள். சிலருக்கு முன்கூட்டியே கிராம்புக் களிம்பு, சிலருக்கு மரத்துப்போக வைக்கும் பென்ஸோகெய்ன். வலியைக் குறைத்ததில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிக்கல் எச்சிலில்தான். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. எதைத் தடவினாலும் அடித்துக்கொண்டு போகிறது.

ஆகவே இன்று ஃபார்மஸி கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் மூலிகையைவிடப் பசைக்குத்தான் அதிக மெனக்கெடல். அந்தப் பசையும் செடிகொடியிலிருந்தே வருகிறது: மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் வகைகள், பழத்தோலின் பெக்டின், கடற்பாசியின் ஆல்ஜினேட். என் ஓட்டு புளியங்கொட்டைக்கு. தரையில் தேய்த்துத் தாயம் உருட்டியது போக மிச்சத்தைக் குப்பையில் கொட்டினோம். நெசவாளர்கள் அதைப் பாவு நூலுக்குக் கஞ்சி போடக் காய்ச்சினார்கள். அந்தப் பருப்பிலுள்ள பசைப்பொருளின் அமைப்பு, நம் உடம்பின் ஈரச் சவ்வுகளில் சுரக்கும் கோழைப் புரதத்தை ஒத்திருக்கிறது. அதனால் ஈரத்திலும் பற்றிக்கொள்ளும். கண் வறட்சிக்கான சொட்டு மருந்துகளில்கூட அது சேர்ந்துவிட்டது.

இந்தப் பசையில் மூலிகையை ஏற்றி, வாய்க்குள் ஒட்டும் மெல்லிய படலமாக்குகிறார்கள். செய்முறை சமையலுக்குப் பக்கத்து வீடுதான். பசையைத் தண்ணீரில் கரைத்து, மணிக்கணக்கில் கலக்கி, குமிழி அடங்கும்வரை விட்டுவைக்கிறார்கள். மடித்தால் ஒடியாமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின். பிறகு மூலிகைச் சாறு. கண்ணாடித் தட்டில் ஊற்றி, இளஞ்சூட்டு அடுப்பில் காயவிட்டு, இலைவடாம் உரிக்கிற மாதிரி ஓரத்திலிருந்து உரித்தெடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத கனம். ஒரு பக்கம் தண்ணீர் புகாத பூச்சு பூசிவிட்டால் மருந்து எச்சிலுக்குள் கரைந்தோடாமல் ஈறுப் பக்கமாகவே இறங்கும்.

அப்புறம் சோதனை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிக்கிறார்கள். 300 தடவை தாங்கினால் தேறியது. கறிக்கடையிலிருந்து வாங்கிவந்த ஆட்டுக் கன்னத்தின் உட்தோலில் ஒட்டி, செயற்கை எச்சிலில் அமிழ்த்தி, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். பெரும்பாலான ஆய்வேடுகள் இந்தக் கட்டத்தோடு பைண்டிங் ஆகிவிடுகின்றன என்பது என் ஆதங்கம். பீக்கரில் கிடக்கும் ஆட்டுக் கன்னம் காபி குடிக்காது. உறுத்துகிறதே என்று நாக்கால் நோண்டவும் நோண்டாது. மூலிகைக்கும் அதற்கே உரிய தலைவலிகள் உண்டு. கிராம்புத் தைலம் காயும்போதே பாதி ஆவியாகலாம். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரைய மறுக்கும், பட்ட இடத்தையெல்லாம் மஞ்சளாக்கும். ஒரு அறுவடைச் சரக்கில் இருந்த வீரியம் அடுத்ததில் இருக்கும் என்று உத்தரவாதமில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பைக்குள் செருகும், கிருமிக்கொல்லியான குளோர்ஹெக்ஸிடின் சில்லுக்கு இந்தத் தொல்லை கிடையாது: ஒவ்வொன்றிலும் 2.5 மில்லிகிராம் மருந்து, ஜெலட்டினோடு சேர்ந்து ஒரு வாரம் பத்து நாளில் தானே கரைந்துவிடும். அமெரிக்காவில் 1998-லேயே அனுமதி வாங்கிவிட்டது.

மூலிகைப் படலத்துக்கு உண்மையான தேவை எங்கே என்றால், பாக்கும் குட்காவும் மென்று கன்னம் இறுகிப்போனவர்களிடம் என்பேன். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. காரம் பட்டால் துடித்துப்போவார்கள். கன்னத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு ஊசி போடுவது நெடுநாள் வழக்கம். நார்த்திசு மண்டிய இடத்தில் ஊசி ஏறுவதன் வேதனையைச் சொல்ல வேண்டியதில்லை. இவர்களுக்குக் குர்குமின் களிம்பும் ஒட்டுப்படலமும் இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் நேரடியாகவே கொடுத்துப் பார்க்கப்படுகின்றன. வரும்போதெல்லாம் மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே அளவுகோல் வைத்து, போன தடவையைவிட எத்தனை மில்லிமீட்டர் கூடத் திறக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். கூடவே கேட்கும் கேள்வி, பாக்கை விட்டாச்சா என்பது.